துப்பாக்கியும் தோட்டாவும்

1907ஆம் ஆண்டில் குமாவுன் மலைநாட்டில், சம்பாவத் என்னும் ஊருக்கு அருகே, ஒரு பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 மக்களைக் கொன்ற புலி அது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் ஒடிந்திருந்தன. மேற்பல் பாதியோடு போயிருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை சிதைந்திருந்தது. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், தன் இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அப்புலி மனிதரை நாடியது என்றும் கார்பெட் எழுதினார். என்றோ ஒரு நாள், பெயர் தெரியாத ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டு சில அங்குலம் விலகிப் பாய்ந்தது. அதன் விலையை அவர் கொடுக்கவில்லை. விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் சென்ற ஏழை எளியவர்கள் கொடுத்தார்கள்.

அன்றைய வேட்டையிலேயே மற்றொரு பாடமும் அடங்கியிருந்தது. கார்பெட் தம் ரைஃபிளுக்கு மூன்றே தோட்டாக்கள் கொண்டு சென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தன, புலியோ இன்னும் வீழவில்லை. அவர் ஓடிச்சென்று உடன்வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் பின்கட்டைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தது. மிக அருகில் நின்று புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டோ அதன் பாதத்திற் பட்டது. முன்னரே பட்ட காயங்களால் புலி சாயாதிருந்தால், பின்னாளில் நாம் படித்த அந்நூலை எழுத அவர் இருந்திருப்பாரோ, ஐயமே. ‘குமாவுன் புலிகள்’ என்று தமிழர் பலர் அறிந்த அந்நூல், 1944இல், பம்பாயிலிருந்து செயற்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் இந்தியக் கிளையால் வெளியிடப்பட்டது என்பது இந்நகரில் வாழும் நமக்கு ஒரு சுவையான செய்தி.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பார்கள். வேட்டைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை இப்பழமொழி முழு உண்மையன்று. கை வன்மையும் கண் கூர்மையும் எவ்வளவு இருப்பினும், துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் குறி தவறும். நம் நாட்டு வேட்டை வரலாற்றைப் பார்த்தால், நல்ல ரைஃபிளைத் தேர்ந்தவர்கள் முதலில் தோட்டாவைப் பார்த்தார்கள், பிறகே துப்பாக்கியைப் பார்த்தார்கள் என்பது விளங்கும்.

முற்காலத்தில் இத்தொல்லை வேறு வடிவில் இருந்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில், வெடிமருந்தின் அளவையும் ஈயக் குண்டின் பருமனையும் வேட்டைக்காரனே முடிவு செய்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைத் தோட்டா வந்தது. மருந்து, குண்டு, எரியூட்டும் மூடி ஆகிய யாவும் ஒரே உறைக்குள் ஆலையிலேயே அடைக்கப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் கரிமருந்தின் இடத்தைப் புகையில்லா மருந்தாகிய கார்டைட் பிடித்தது. ஆலைத் தோட்டாவின் பெருமை அதன் ஒருமைப்பாடு: ஒரு பெட்டியிலுள்ள தோட்டாக்கள் யாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் குண்டை அனுப்பும். ஆயின் அளவைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை வேட்டைக்காரனிடமிருந்து நழுவிற்று. துப்பாக்கிக்கு ஏற்பத் தோட்டாவைச் செய்த காலம் போய், தோட்டாவுக்கு ஏற்பத் துப்பாக்கியைத் தேடும் காலம் வந்தது.

இதனை ஆங்கிலேயரின் இரட்டைக்குழல் ரைஃபிள்கள் நன்கு காட்டுகின்றன. இரு குழல்களும் அனுப்பும் குண்டுகள் குறிப்பிட்ட தொலைவில் ஒரே இடத்திற் சென்று படுமாறு, கம்மியர் குழல்களைப் பலமுறை சுட்டுப் பார்த்துச் சரிசெய்து பற்றவைப்பார். அவர் பயன்படுத்திய தோட்டாவின் எடையும் மருந்தளவும் மாறினால் இரு குண்டுகளும் இரு வழியே செல்லும். நம் நாட்டு வெயிலும் இதிற் குறுக்கிட்டது. வெப்பத்தில் கார்டைட் அழுத்தம் மிகுந்து எரியும். ஆதலின் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்து குறைத்த ‘வெப்பநாட்டுத் தோட்டாக்களை’ ஆலைகள் தனியே செய்தன. குளிர்நாட்டுத் தோட்டாவுக்குச் சரிசெய்த துப்பாக்கியோடு கோடைக் காட்டிற்குச் செல்வது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

துப்பாக்கித் தேர்வில் சட்டமும் தன் பங்கைச் செலுத்தியது. குழலின் விட்டத்தை அங்குலத்தின் பகுதியாகச் சொல்வது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 விட்டமுள்ள ரைஃபிள்களை இந்தியாவிற்குள் கொண்டுவர அரசு தடை விதித்தது. பழைய படைத்துப்பாக்கிகளை வைத்திருந்த கலகக்காரர்களுக்கு அத்தோட்டாவின் பகுதிகள் பயன்படும் என்பதே அச்சம். உடனே ஆங்கிலக் கம்மியர்கள் .465, .470, .475 என்று புது விட்டங்களைப் படைத்தார்கள். யானையின் எலும்பு தடித்துவிட்டது என்பதற்காக அவை பிறக்கவில்லை. சட்டத்தின் ஒரு வரிக்காகப் பிறந்தன.

படைவீரர் ஏந்திய .303 விட்டமும் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதன் இடத்தை .315 நிரப்பிற்று. இதன் தோட்டா ஆஸ்திரியாவின் பழைய எட்டு மில்லிமீட்டர் படைத்தோட்டாவே, துப்பாக்கியின் பொறியோ.303இன் பொறியை ஒத்தது. விடுதலைக்குப் பின் கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் அரசு ஆலை இதனைச் செய்து வந்தது. மும்பையிலிருந்து சென்னை செல்லும் வண்டி புணேயை அடையுமுன் கட்கி என்னும் நிலையத்தைக் கடக்கும். அங்கே 1869இல் தோன்றிய அரசுத் தோட்டா ஆலையின் கே.எஃப். முத்திரை, நம் நாட்டு உழவரும் வேட்டைக்காரரும் நன்கறிந்த முத்திரையாகும். .315ஐவிட நேர்த்தியான வெளிநாட்டு ரைஃபிள்கள் பல உண்டு. எனினும் உள்நாட்டிலேயே தோட்டா கிடைத்ததனால் அதுவே பல்லாயிரம் பேருக்குத் தக்க துணையாயிற்று. தோட்டா கிடைக்காத உயர்ந்த ரைஃபிள் சுவரில் மாட்டும் அணிகலனே அன்றி வேறில்லை.

சம்பாவத் புலியை வீழ்த்தியதற்குப் பரிசாக, ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட், கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைஃபிளை வழங்கினார். ஒரே குழல், கைப்பிடித் தண்டால் தோட்டாவை ஏற்றும் மௌசர் பொறி. ஜெர்மானியரின் ஏழு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே .275. பல நாட்டுப் படைகள் அதனை மேற்கொண்டிருந்தமையால் பல நாட்டு ஆலைகளும் அதனைச் செய்தன. உதைப்பு குறைவு; ஆதலின் சுடுபவர் உடல் சுருங்காமல் விசையை அழுத்தலாம். கார்பெட்டின் அந்தத் துப்பாக்கி பின்னாளில் அவருடைய பதிப்பாளரிடம் சேர்ந்து, 2015இல் அதனைச் செய்த ரிக்பி நிறுவனத்திடமே மீண்டது.

தமிழகத்துக் காடுகளுக்கு வருவோம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், அன்றைய சேலம் மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம் பகுதிகளில் அலைந்தவர். 1954இல் தம் முதல் வேட்டை நூலை வெளியிட்டவர். அவர் பெரிதும் நம்பியது அமெரிக்காவின் .405 வின்செஸ்டர் ரைஃபிளை. விலைமிக்க இரட்டைக்குழல் ரைஃபிள்களின் பளபளப்பு அதற்கில்லை. ஆயினும் கனத்த குண்டும் அடுத்தடுத்துச் சுடும் வசதியும் இருந்தன. அரைகுறையாகச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போனவர்களின் பிழையே ஆட்கொல்லி விலங்குகள் பலவற்றை உண்டாக்கியது என்பதை ஆண்டர்சனின் கதைகளும் மீண்டும் மீண்டும் சொல்லுகின்றன.

தேர்ந்த வேட்டைக்காரர்கள் கையாண்ட சோதனை எளியது. துப்பாக்கியை மணல்மூட்டையின் மேல் அசையாமல் வைத்து, ஒரே பெட்டித் தோட்டாக்களில் நாலைந்தைத் தாளிற் சுட்டுப் பார்ப்பார்கள். துளைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கியிருந்து, அந்த இடம் மட்டும் குறியை விட்டு விலகியிருந்தால் கவலையில்லை. குறிமுள்ளை நகர்த்தினாற் போதும். துளைகள் சிதறியிருந்தாலோ குறிமுள்ளால் பயனில்லை. வேறு எடைக் குண்டையோ வேறு ஆலைத் தோட்டாவையோ நாட வேண்டும். ரைஃபிள் குழலின் உட்புறத்தே திருகாகச் செல்லும் வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. நீண்டு கனத்த குண்டுக்கு விரைந்த சுழற்சி தேவை. ஒரு குழலின் திருகு எல்லா எடைக்கும் ஒருங்கே ஒத்துவராது. ஆதலின் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ரைஃபிள்கள்கூட இருவேறு தோட்டாக்களை விரும்பக்கூடும். தமக்கு ஒத்த தோட்டாவைக் கண்டறிந்தபின், அதே வகையிற் போதுமான அளவு வாங்கி, ஈரம் படாமற் காப்பார்கள். புதுப் பெட்டி வந்தால் மீண்டும் தாளிற் சுட்டுப் பார்த்த பின்னரே காட்டிற்குச் செல்வார்கள்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமற் செய்தன. 1883இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் தொடக்க காலத்தில் வேட்டைக்காரர்களும் எழுதினார்கள். அக்கழகமே பின்னர் விலங்குகளைக் காக்கும் பணிக்கு முன்னின்றது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருள், ஊரில் பாட்டனார் காலத்து உரிமத் துப்பாக்கி உள்ள குடும்பத்தார் சிலர் இருக்கலாம். அது இன்று ஒரு காலத்தின் நினைவுச் சின்னம்.

ஆயினும் அக்காலம் கற்பித்த பாடம் மாறவில்லை. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கவோ, வேறு வழியில்லையெனில் கொல்லவோ ஆணையிடும் பொறுப்பு இன்று மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளருடையது. 2021 அக்டோபரில், நீலகிரி மாவட்டத்து மசினகுடிப் பகுதியில் மக்களை அச்சுறுத்திய புலியொன்றைப் பல நாள் தேடி, மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தார்கள். ஊசித் துப்பாக்கிக்கும் அதே விதிதான்: ஊசியின் எடையும், அதனைத் தள்ளும் காற்றின் அழுத்தமும், நிற்கும் தொலைவும் முன்னரே சோதித்துப் பொருத்தப்பட வேண்டும். குண்டாயினும் ஊசியாயினும், காட்டில் எடுக்கும் ஒரு நொடி முடிவின் பின்னே சோதனைத் திடலிற் செலவிட்ட பல மணி நேரம் நிற்க வேண்டும். அந்த உழைப்பைச் செய்யாத ஒருவருக்காக நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேர் மாண்டனர்.