அம்மைத் தழும்பும் ஒரு நடிகனும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் போனில் 'திருவிளையாடல்' தருமி காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "நாம இறங்கப்போற ஊர்லதான் தம்பி சிவாஜி பிறந்தார்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கண் நாகேஷ் முகத்திலேயே நின்றுவிட்டது.

இளம் வயதில் வந்த அம்மை அந்த முகத்தில் விட்டுப்போன தழும்புகள். கதாநாயகன் என்றால் வழுவழு முகம் என்றிருந்த காலம் அது. இப்படியொரு முகத்துக்குத் திறந்திருந்தது காமெடி வாசல் மட்டும்தான். ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகத் துடித்தார். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அதைப் பாராட்டினார். ஆக, முதல் கைதட்டலே நோயாளி வேஷத்துக்குத்தான்!

வேறு வாசலைத் திறந்தவர் கே. பாலசந்தர். அவர் கதையில் வந்த 'சர்வர் சுந்தரம்' (1964) நாகேஷை நாயகனாக்கியது. ஆனா கவனிச்சுப் பாருங்க: சுந்தரம் சினிமாவில் பெரிய நடிகனாகிறான், காதலித்தவள் மட்டும் அவனுக்கு இல்லை. அடுத்த வருடம் 'நீர்க்குமிழி'. அதில் ஆஸ்பத்திரி வார்டையே சிரிக்க வைத்துவிட்டுச் சாகும் நோயாளி. இந்த முகம் நாயகனாகலாம், ஜெயிக்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்துவைத்த மாதிரி எனக்குத் தோன்றும். 'எதிர்நீச்சல்' (1968) மாது விதிவிலக்கு.

பிறகு நீண்ட காலம் பழைய வாசல்தான். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' அவரை வில்லனாக்கியது. 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம். வசனம் கிடையாது, முகத்தில் அசைவு கிடையாது, தியேட்டரே சிரித்தது. அதே வருடம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பா. அதற்குத்தான் தேசிய விருது, சிறந்த துணை நடிகராக. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.