தேயிலைப் பெட்டியில் விழாத பேர்

பேக்டரியிலிருந்து கொழும்புக்கு லொறி ஏறும் ஒவ்வொரு சாக்கிலும் எழுத்து இருக்கும்: தோட்டத்தின் பேர், கிரேட், எடை, இன்வொய்ஸ் இலக்கம். முன்பு பலகைப் பெட்டி, இப்போது பேப்பர் சாக்கு. எழுத்து மட்டும் அதேதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் ஏலம் ஆரம்பித்தது. வாங்குபவர் மலை ஏறி வரத் தேவையில்லை. ருசி பார்க்க கொஞ்சம் தூள், கூடவே பட்டியல், போதும். கப்பலில் ஏறும் சரக்குக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் பேர் மெனிஃபெஸ்ட்.

நான் கலைப்பீடம், கணினி எனக்கு ரொம்பத் தூரம். ஆனா அத்தை மகன் லெப்டொப்பில் ஒரு ஃபைலைத் திறந்து "இதுதான் மெனிஃபெஸ்ட்" என்றதும் காது நிமிர்ந்தது.

ஒரு காலத்தில் மென்பொருள் வேண்டுமென்றால் மூலநிரலை எடுத்து அவரவரே கட்டிக்கொள்ளணும். 1993இல் தொடங்கிய டெபியன் போன்றவை, வேறொருவர் கட்டி முடித்த பொதியை அப்படியே இறக்கிக்கொள்ள வழி செய்தன. பொதியின் பேர், பதிப்பு, அது ஓட வேறென்ன பொதிகள் தேவை, எல்லாம் கூடவே எழுதியிருக்கும். கணினி அதை வாசித்து மிச்சத்தைத் தானே கொண்டுவரும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லிசு என்பது 2016 மார்ச்சில் தெரிந்தது. லெஃப்ட்-பேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதி, மொத்தமே 11 வரி. எழுதியவர் கோபத்தில் அதை நீக்கிவிட்டார். பட்டியலில் பேர் இருக்கு, கிடங்கில் சாமான் இல்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேரின் வேலை நின்றுபோனது.

மச்சான் காட்டியது நம்ம நாட்டுச் சரக்கு. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் அறிவித்த நிரல்மொழி, பலரினா. எழுதியதைப் பொதியாகக் கட்டி பலரினா சென்ட்ரல் என்ற பொதுக் கிடங்குக்கு அனுப்பலாம். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாதாம், 'இதைப் பாவிக்காதீங்க' என்று குறிக்க மட்டும் முடியுமாம். மெனிஃபெஸ்டில் நிறுவனம், பேர், பதிப்பு என்று வரிகள். அதற்குக் கீழே 'ஓதர்ஸ்', எழுதியவர்களின் பேர்.

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. தோட்டத்தில் 'பேர்' என்றாலே ஒருநாள் சம்பளம். சொன்ன கிலோ எடுத்தால் செக்ரோலில் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கொழுந்து எடுத்தவரின் பேர் அந்தப் புத்தகத்தோடு சரி. ஏலத்துக்குப் போவது தோட்டத்தின் பேர், அதுவும் பல இடங்களில் வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போன பேர்.

மச்சான் கட்டியிருந்தது கொழுந்துக் கணக்குப் போடும் சின்னப் பொதி, பதிப்பு 0.1.0. கணக்கு எப்படி விழும் என்று சொல்லிக்கொடுத்தது அத்தை.

"அத்தை பேரையும் போடேன்டா."

"அது கோட் எழுதினவங்களுக்கு, மச்சான்."

சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பொதியை இன்னும் அனுப்பவில்லை.