பாட்டியின் வண்ணக் குவளைகள்



சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் ஆறு வண்ண அலுமினியக் குவளைகள் இருந்தன. 1970களில் தாத்தா ஈப்போவில் வாங்கியவை. நாளடைவில் அவை திட்டுத் திட்டாக வெளுத்தன. பாட்டி சாம்பல் போட்டுத் தேய்த்தே கெடுத்தார் என்பது தாத்தாவின் தீர்ப்பு. பாட்டி ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அலுமினியம் நம்மவர்க்குப் புதிதன்று. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். இங்கே தோட்டத்து ஸ்டோரில் பால் உறையவைக்கும் தொட்டிகளின் தடுப்புத் தகடுகளும் அலுமினியமே. செம்பு கலந்தால் ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும்.

வண்ணம் பின்னால் வந்தது. 1923-இல் பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் கடல் விமானங்களின் உறுப்புகளை உப்புநீர் அரிக்காமல் காக்க வழி கண்டனர். அலுமினியத்தைக் குரோமிக் அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் இயல்பாகவே உள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம் தடிக்கும். இதுவே அனோடைசிங். 1927-இல் கந்தக அமில முறை வந்தது. அதில் உண்டாகும் படலத்தின் நுண்துளைகள் சாயத்தை நன்கு உறிஞ்சும். பிறகு கொதிநீரில் இட்டுத் துளைகளை மூடுவர்.

ஆசிரியர் பயிற்சிக் கழக நூலகத்தில் இதைப் படித்த பின்னரே குவளைகளை உற்றுநோக்கினேன். ஆறிலும் விளிம்பின் உட்புறம், ஒரே இடத்தில், அரிசியளவு வெற்று உலோகம் பளபளத்தது. அது கவ்வி பிடித்த இடம். அங்கே அமிலம் படாது, படலமும் வளராது, சாயமும் ஏறாது. சாம்பல் தேய்த்த கை ஆறு குவளைகளிலும் ஒரே புள்ளியைத் தேடிப் போகுமா? இரண்டு குவளைகள் முழுவதுமே வெளிறியிருந்தன. கவ்வி தளர்ந்து மின்சாரம் குறைந்தால் படலம் மெலியும், நிறமும் குன்றும். எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாகக் கழுவாமல் அமிழ்த்தினாலும் திட்டுகள் தோன்றும். கொதிநீர் வேலை அரைகுறையானால் சாயம் நாளடைவில் கசிந்து போகும். பட்டறையில் பிறந்த குறைகள் இவை.

சாம்பலையும் முற்றாக விடுவிக்க இயலாது. அதன் காரம் படலத்தைக் கரைக்கும். அடிப்பாகம் மங்கியது அதனால்தான்.

தாத்தா இன்றில்லை. சென்ற தீபாவளியன்று பாட்டியிடம் ஒரு குவளையைத் திருப்பிக் காட்டி இவற்றையெல்லாம் விளக்கினேன். நெடுநேரம் அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்தார்.

"சாம்பலுந்தான் போட்டேன், சாமி," என்று சிரித்தார்.