காருக்குள் ஒரு ஹெட் கிளார்க்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற மருமகனின் கார், யாரும் தொடாமலே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வைப்பர் இரண்டு தடவை ஆடும், நிற்கும். கதவுகள் டக் டக்கென்று தாமாகவே பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளும். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக, "என்ன சார், வண்டிக்கு வேப்பிலை அடிக்கணுமா?" என்று கேட்டார். அவர் வாக்கில் பாதி பலித்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மருமகன் மஸ்கட்டில். மகளுக்கு எட்டாம் மாதம். டாக்டர் இருப்பதோ தில்லைநகரில். எந்த நேரத்தில் வண்டி தேவைப்படுமோ என்றுதான் அதை எங்கள் வாசலில் விட்டுப் போயிருந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிய பிறகே தெரு தூங்கியது.

மறுநாள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்) இருபது நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "பி.சி.எம். போயிடுச்சு சார், மாத்தணும். நாப்பதாயிரம் கிட்ட வரும்." ஏன் போயிற்று என்று கேட்டேன். "போயிடுச்சு சார்" என்றார்கள் மறுபடியும். முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில், காரணம் எழுதாத கோப்பை நான் கையெழுத்துக்கு வைத்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பி.சி.எம். என்றால் பாடி கன்ட்ரோல் மாட்யூல். என் காலத்து வாசகர்களுக்கு அம்பாசடர் ஞாபகமிருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து 1950களின் கடைசியில் உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்த வண்டி. பழைய அம்பாசடரில் ஃப்யூஸ் இரண்டே இரண்டு. ஹாரன் அடிக்கவில்லையென்றால் பட்டனிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஹாரனில் போய் முடியும். வழியில் எங்கோ அறுந்திருக்கும், அவ்வளவுதான். மின்சாமான் பெரும்பாலும் லூகாஸ். அந்த லூகாஸும் நம் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 1961ல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கி, சென்னை பாடியில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்தார்கள். டி.வி.எஸ். டோல்கேட் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அதே டி.வி.எஸ். பாலக்கரைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று ஒரு சாதியே அந்த டைனமோவையும் கட்-அவுட்டையும் நம்பிப் பிழைத்தது. டெஸ்ட் லேம்ப் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, பல்லால் ஒயர் சீவும் சாமர்த்தியம். படிப்பு அவ்வளவே.

பிறகு காரில் சாமான் பெருகியது. பவர் ஜன்னல், சென்ட்ரல் லாக், ஏர்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் கட்டு தொடை கனம் வந்துவிடும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1983ல் இதற்கு வழி தேட ஆரம்பித்து, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு ஏற்பாட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'கேன்'. முறுக்கிய இரண்டே ஒயர், அதில் எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்ளும்.

எப்படி என்று கேட்டுக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் ஆபீஸ் சுற்றறிக்கை! ஒரு பிரிவு அனுப்பினால் எல்லாப் பிரிவுக்கும் போகும். தனக்கு வேண்டியதை அந்தந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளும், மற்றவை சும்மா இருக்கும். இரண்டு பேர் ஒரே சமயம் அனுப்பினால் எண் சிறியதாக உள்ள தபால் முந்தும், மற்றது காத்திருக்கும். பிரேக் சமாசாரத்துக்குச் சின்ன எண், ஜன்னல் கண்ணாடிக்குப் பெரிய எண். எங்கள் ஆபீஸில் 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டு கூட இவ்வளவு ஒழுங்காக மதிக்கப்பட்டதில்லை.

இந்த ஆபீஸின் ஹெட் கிளார்க்தான் பி.சி.எம். நீங்கள் ஹாரனை அழுத்தினால் அது ஒரு விண்ணப்பம், அவ்வளவே. ஹாரனுக்கு மின்சாரம் அனுப்பும் உத்தரவை அவர்தான் போட வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரைச் சொல்லியாக வேண்டும், காரைக்காலில் படித்தவன் இல்லையா. பூஜோ, சித்ரோன் கார்களில் இதே பெட்டிக்குப் பெயர் 'புவாத்தியே தெ செர்வித்யூத் எந்தெலிழான்'. அறிவுள்ள ஏவல்பெட்டி என்று சொல்லலாம். செர்வித்யூத் என்றால் அடிமைத்தனம். ஆனால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. பக்கத்து வீட்டான் நிலத்தின் வழியே நடக்கவும் தண்ணீர் விடவும் நமக்கு இருக்கும் பாத்தியதை. எங்கள் வண்டியிலும் தண்ணீர் அப்படி ஒரு பாத்தியதையை எடுத்துக்கொண்டிருந்தது.

பாலக்கரையில் எனக்கு நாற்பது வருஷமாகப் பழக்கமான பாய் ஒருவர். அம்பாசடர் காலத்து ஆள், இப்போது கையில் ஸ்கேனரும் வைத்திருக்கிறார். "பெட்டியை மாத்தச் சொன்னாங்களா? முதல்ல பெட்டிக்கு என்ன வருதுன்னு பாப்போம் சார்" என்றார்.

பேட்டரி பார்த்தார், பன்னிரண்டரை வோல்ட், குறையில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்தார். எர்த் சரியில்லையென்றால் அங்கே வோல்ட் காட்டுமாம். எதுவும் காட்டவில்லை. "பேய் பிடிச்ச வண்டியில பாதிக்கு எர்த்துதான் பேய். இதுல இல்லை." பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனை சாக்கெட்டில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, 6க்கும் 14க்கும் நடுவே அளந்தார். 60 ஓம். கேன் ஒயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு, சேர்ந்து 60 காட்டினால் ஒயர் அறுபடவில்லை என்று கணக்கு. ஸ்கேனரில் எஞ்சின் சுத்தம், பிரேக் சுத்தம். கோளாறு எல்லாம் ஹெட் கிளார்க் கையாளும் இனங்களில்தான்.

அப்புறம் குனிந்து மிதியடியைத் தொட்டார். ஈரம். டாஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றி அந்தக் கறுப்புப் பெட்டியின் பிளக்கை உருவினார். பின்கள் பச்சை பூத்திருந்தன. மூடியைத் திறந்தால் உள்ளே செம்புக் கோடுகளை அரித்திருந்தது.

"இது தானா சாகலை சார், தண்ணி குடிச்சுச் செத்திருக்கு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம புதுசு மாட்டினா, அடுத்த மழையில அதுவும் போயிடும்."

பானெட்டைத் தூக்கி, முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளையில் விரலை விட்டார். பிடி பிடியாக வேப்பிலைச் சருகு வந்தது.

ஆக ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்ன பாகம் சரி, காரணத்தைத்தான் தேடவில்லை. நான் பாய் முன்னால் அவர்களைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்படியானால் நீங்களே மாற்றிவிடுங்கள் பாய் என்றேன். அவர் முகம் சுருங்கியது. புதுப் பெட்டி வெறும் பெட்டி. வண்டியின் பதினேழு எழுத்து எண்ணை அதில் எழுத வேண்டும், இந்த வண்டியில் என்னென்ன வசதி உண்டு என்று சொல்ல வேண்டும், இரண்டு சாவியையும் அறிமுகப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. அதற்கு இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அனுமதி கொடுக்க வேண்டும். "நோயை நான் கண்டுபிடிப்பேன். கடைசிக் கையெழுத்து அவங்ககிட்ட இருக்கு சார்."

இந்தக் கையெழுத்து விவகாரம் டெல்லிவரை போன கதை பலருக்குத் தெரியாது. 2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் கம்பெனிகள் உதிரிபாகத்தையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது புகார். விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 25-8-2014 அன்று 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, இவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவானது. (அம்பாசடர் உற்பத்தி நின்றது அதே வருஷம் மே மாதம்.) பிறகு மேல்முறையீடுகள். சென்னை உயர்நீதிமன்றம்வரைகூட வழக்கு வந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது, டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். உத்தரவு போடுவதற்கும் அது பாலக்கரைக்கு வந்து சேருவதற்கும் உள்ள தூரம், அரசு ஊழியனான எனக்குப் புதிதல்ல.

பாய் வடிகாலைச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, மிதியடியை வெயிலில் காயப்போட்டார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். பெட்டியைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில்தான் மாற்றினோம், மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் மகள் தும்மினால்கூட ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுவைத்தேன். பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன், தந்தார்கள்.

அதைப் பாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடை அலமாரியில், தூசி படிந்த ஒரு லூகாஸ் கட்-அவுட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "அந்தக் கட்-அவுட்டைத் திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா இன்னைக்கும் ஓடும் சார்" என்றார். மகனைப் பற்றிக் கேட்டேன். தொழிலுக்கு வரவில்லையாம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர்.

பேத்தி மார்கழியில் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போனோம். மரத்தை வெட்டச் சொன்ன மருமகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை பானெட்டைத் தூக்கிச் சருகு பொறுக்குவது இப்போது என் வேலை.