ஊதுலையில் பிறந்த வால்வு

பாரிஸில் ஃபிரான்சுவா பெரினே 1839இல் செய்து காட்டிய ட்ரம்பட் வால்வைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவருக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார் ஃப்ரீட்ரிக் புளூமெல். அவரை ஒரே வரியில் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

சைலீசியாவின் வால்டன்பர்க்கில் சுரங்கக் கம்பெனி பேண்டில் ஊதியவர் அவர். ட்ரம்பட்காரர் வைடிங்கரின் துளைபோட்ட ட்ரம்பட்டில் சில சுரங்கள் மங்கி ஒலித்ததைப் போன வாரம் பார்த்தோம். ஹோர்ன்காரர்கள் பாடு அதைவிட மோசம்; சுருதி மாறும்போதெல்லாம் ஒரு வளையக் குழாயைக் கழற்றி இன்னொன்றைச் செருக வேண்டும்.

மேல் சைலீசியாவில் இரும்பு உருக்கும் ஊதுலைகளின் காற்றுக் குழாய்களைத் திறப்பதையும் மூடுவதையும் 1811 முதல் பார்த்துத்தான் இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும் வால்வு யோசனை தனக்கு வந்தது என்று புளூமெல் பின்னாளில் சொன்னார். நம்ம பொல்பிட்டிய பவர்ஹவுஸில் தண்ணீர்க் குழாய் வால்வுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இன்றைய ட்ரம்பட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடு வால்வை அமுக்கினால் காற்று ஒரு குட்டிக் குழாயைச் சுற்றி வரும், சுரம் அரைப் படி இறங்கும். முதல் வால்வுக்கு முழுப் படி, மூன்றாவதுக்கு ஒன்றரை. குழாய் நீண்டால் சுரம் இறங்கும், அவ்வளவுதான் சூத்திரம்.

பெயரெடுத்தவரோ ஹைன்ரிச் ஸ்டோல்ட்ஸல், பிளெஸ் பிரபுவின் பேண்டில் ஹோர்ன் ஊதியவர். 1814 டிசம்பரிலேயே தன் வால்வைப் பற்றி பிரஷ்ய மன்னருக்கு எழுதிப் போட்டுவிட்டார். மறு வருசம் லைப்சிக் இசைப் பத்திரிகையிலும் அவர் புதுமை பற்றிய செய்தி வந்தது. அவரைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரண்மனைக் கதவைத் தட்டத் தெரிந்தவருக்கும் சுரங்க பேண்ட்காரருக்கும் உள்ள தூரம் தோட்டத்துச் சனத்துக்குத் தெரியாததா?

1818 ஏப்ரலில் இருவர் பெயரிலும் பத்து வருச உரிமம் கிடைத்தது. பிறகு தன் பங்கை 400 தாலருக்கு ஸ்டோல்ட்ஸலுக்கே விற்றுவிட்டார் புளூமெல். மனுசன் ஓயவில்லை, 1828இல் சுழல் வால்வுக்குத் தனியாக உரிமம் கேட்டார். பிரஷ்ய அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ஸ்டோல்ட்ஸலுக்கும் இரண்டாவது உரிமம் கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான்.

பெரினே அடுத்த வாரம் கட்டாயம் வருவார். பப்பரே பேண்ட் தம்பிமார் ட்ரம்பட்டில் அமுக்குவது அவருடைய வால்வைத்தான்.