பன்னீரும் ஓடிக்கொலோனும்



மங்கல மனையின் வாயிலிலே பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்பது நம் மரபு. காய்ச்சலுற்றவரின் நெற்றியிலே ஓடிக்கொலோன் நனைத்த துணியை இடுவதும் நம் வீடுகள் அறிந்ததே. இரண்டும் மெல்லிய மலர்மணம் உடையன; குளிர்ச்சி தருவன. விருந்தினர்க்கு இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது? இவற்றின் வரலாற்றை அறிந்தால் விடை எளிதாகும்.

பனிநீர் என்பதே பன்னீராயிற்று. ரோசா இதழ்களை நீருடன் கலத்திலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து வடித்தெடுப்பது அது. 9ஆம் நூற்றாண்டிலே பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, நறுமணப் பொருள்களை வடிக்கும் முறை பற்றி நூலொன்று இயற்றினார். பாரசீகம் இக்கலையிற் சிறந்து விளங்கிற்று. அந்நாட்டுடன் வாணிகத் தொடர்பு கொண்டிருந்த மாந்தைத் துறைமுகம் வன்னிக்கு அயலிலேயே இருந்தது. வட இந்தியாவிற் காஜிப்பூர் பன்னீருக்குப் பெயர்பெற்றது. 1824இல் அவ்வழியே பயணஞ் செய்த ஆயர் ஹீபர், அவ்வூர் ரோசா வயல்களைத் தம் பயண நூலில் வருணித்துள்ளார்.

ஓடிக்கொலோன் வயதில் இளையது. ஜேர்மனியின் கொலோன் நகரிலே 1709இல் இத்தாலியரான பரினா குடும்பத்தார் வணிக நிலையம் ஒன்றை நிறுவினர். அக்குடும்பத்து யோவான் மரியா பரினா ஆக்கிய நறுமண நீருக்கு அந்நகரின் பெயரே வழங்கலாயிற்று. தோடம்பூவின் மணமும் எலுமிச்சை இனப் பழத்தோல்களின் தைலமும் மதுசாரத்திற் கலந்தது அது. தொடக்கத்தில் அதனை மருந்தாக அருந்தினோரும் உளர். மருந்துகளின் இரகசியச் செய்முறைகளை அரசுக்கு வெளிப்படுத்த வேண்டுமென நெப்போலியன் 1810இல் ஆணையிட்டபோது, வணிகர் அதனை மருந்தென்னாது நறுமணப் பொருளென்றே விற்கலாயினர்.

மதுசாரம் விரைந்து ஆவியாவதால் உடலின் வெப்பம் தணிகிறது. ஆகவே ஓடிக்கொலோன் நோயாளியின் அறைக்கு ஏற்றதாயிற்று. ஆனால் அது கண்ணிற் பட்டால் எரியும். நெருப்பையும் எளிதிற் பற்றும். குத்துவிளக்கு எரியும் வாயிலில், குழந்தைகளும் முதியோரும் நெருங்கிவரும் இடத்தில் தெளிப்பதற்குப் பன்னீரே தக்கது. இன்று விற்பனையாகும் பன்னீர் பலவற்றிற் செயற்கை மணமே சேர்ந்திருப்பதால், மலரிலிருந்து வடித்ததா எனப் பார்த்து வாங்குதல் நன்று.

2009இல் முடிந்த போரின்போது வன்னி மக்கள் உடைமைகளை விட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். பாட்டன் காலத்துப் பன்னீர்ச் செம்புகளும் அவ்வாறே பல இல்லங்களை விட்டு மறைந்தன. மீளக் குடியேறியோரின் மணவிழாக்களிலே, மூடியில் துளையிட்ட போத்தலாற் பன்னீர் தெளிப்பதைக் காண்கிறோம். அதிற் குறையொன்றும் இல்லை. ஓடிக்கொலோனை நாம் நமக்கென்று பூசிக்கொள்கிறோம். பன்னீரையோ வருபவர்க்கென்றே வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக.