செங்கண்மாரியும் குருதிக் கொடையும்

வன்னிப் பெருநிலத்திலே நீரின் பெயரால் வழங்கும் ஊர்கள் பல. குளம் என்றும், மோட்டை என்றும், கேணி என்றும் முடியும் பெயர்களை அங்கு வழி நெடுகக் கேட்கலாம். வவுனியா வடக்கிலே, புளியங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள நெடுங்கேணியும் அவ்வாறு பெயர் பெற்ற ஊரே. ஊர்க் கேணியின் நீர் அனைவர்க்கும் பொது. அதிலே ஒருவர் கலந்த அழுக்கு எல்லோர் குடத்திலும் வந்து சேரும். ஆதலால் அதனைக் காப்பதும் அனைவரின் கடமையாகும்.

இரத்த வங்கியும் அத்தகைய பொதுக் கேணியே. பிள்ளைப்பேற்றின்போது குருதி இழந்த தாய் ஒருத்தியை நெடுங்கேணியிலிருந்து வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறார்கள் என்று கொள்வோம். அங்கே அவளுக்கு ஏற்றப்படும் குருதி யாருடையது என்பதை அவள் அறியாள். கொடுத்தவரும் அவளை அறியார். முகமறியாத இருவரை இணைப்பது நம்பிக்கை ஒன்றே. நலமுடையவராய்த் தோன்றிக் குருதி கொடுப்போருள், தம்மை அறியாமலே நோய் வைரசைத் தாங்கி நிற்பவர் எத்தனை பேர்? இவ்வினாவிற்கு விடை காண மருத்துவ உலகம் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனிதக் குருதியில் வகைகள் உண்டெனக் கண்டறிந்தார். பொருந்தாத குருதியை ஏற்றுவதால் நேர்ந்த உயிரிழப்பைத் தவிர்க்க வழி பிறந்தது. 1930ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குருதியின் வகை பொருந்தினால் போதும், இனி அச்சமில்லை என்றே பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணம் இரண்டாம் உலகப் போரின்போது குலைந்தது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைவீரர்க்கு மஞ்சட் காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி போடப்பட்டது. அம்மருந்து கெடாதிருக்கும் பொருட்டு அதில் மனிதக் குருதியின் தெளிநீர் சேர்க்கப்பட்டிருந்தது. சில மாதங்களின் பின்னர் ஏறத்தாழ 50,000 வீரர் செங்கண்மாரி கண்டு படுத்தனர். பலரிடம் பெற்று ஒன்றாகக் கலந்த தெளிநீரில் சிலரது நோய் கலந்திருந்தமையே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டில், 1943இல், போல் பீசன் என்னும் மருத்துவர், குருதியோ அதன் தெளிநீரோ ஏற்றப்பட்டு ஒன்று முதல் நான்கு மாதங்களுள் செங்கண்மாரி கண்ட ஏழு நோயாளரைப் பற்றி எழுதினார். கொடுப்பவரின் குருதியிலே நோய் மறைந்திருக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஆனால் அதனைக் கண்டறியும் வழி எவர்க்கும் தெரியவில்லை.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பரூக் புளும்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் உலகின் பல இனத்தாரின் குருதியை ஒப்பிட்டு வந்தார். 1963ஆம் ஆண்டில், பன்முறை குருதி ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் தெளிநீர், அவுஸ்திரேலியப் பழங்குடி மகன் ஒருவரின் தெளிநீரோடு சேர்ந்து புதியதொரு வினையைக் காட்டிற்று. அவ்வினைக்குக் காரணமான பொருளுக்கு அவுஸ்திரேலியப் பிறபொருளெதிரியாக்கி எனப் பெயரிட்டனர். அது இன்னதெனச் சில ஆண்டுகள் விளங்கவில்லை. ஈரலழற்சி கண்டோரிடம் அது புதிதாகத் தோன்றியதை அறிந்த பின்னரே, 1967ஆம் ஆண்டளவில், அது அந்நோயின் அடையாளம் என்பது புலனாயிற்று. பின்னாளில் ஈரலழற்சி பி என வழங்கிய வைரசின் மேலுறையே அது. 1976இல் புளும்பேர்க் நோபல் பரிசு பெற்றார்.

சோதனை பிறந்த அதே காலத்தில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அமெரிக்காவிலே குருதியை விலைக்கு விற்போர் அக்காலத்தில் மிகுந்திருந்தனர். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிலையத்தில் இருதய அறுவைச் சிகிச்சையின்போது குருதி பெற்றவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு ஈரலழற்சி கண்டது. 1970ஆம் ஆண்டளவில் விலைக் குருதியை அறவே விலக்கி, புதிய சோதனையையும் மேற்கொண்டபோது, அத்தொகை ஏறத்தாழ பத்திலொன்றாகக் குறைந்தது. அன்றைய சோதனை தொற்றிய குருதியில் ஒரு பகுதியையே காட்ட வல்லது. ஆதலால், கொடுப்பவர் யார் என்பதில் வந்த மாற்றமே பெரும் பயன் விளைத்தது எனலாம். காசு வேண்டி வருபவன் தன் நோயை மறைப்பதற்குக் காரணமுண்டு. அன்பினால் வருபவனுக்கு அக்காரணமில்லை. 1970இல் றிச்சட் டிற்மஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் இக்கருத்தை நூலாகவே எழுதி வெளியிட்டார்.

எஞ்சிய ஈரலழற்சிக்குக் காரணமான மற்றொரு வைரசு 1989ஆம் ஆண்டிலேயே அடையாளங் காணப்பட்டு, ஈரலழற்சி சி எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னரே எயிட்சு நோய் தோன்றிவிட்டது. 1983இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, 1985இல் குருதியைச் சோதிக்கும் முறை வந்தது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது 1986இல், சென்னை மருத்துவர் சுனிதி சொலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால். பின்னர் 1996ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, குருதியை விலைக்கு விற்கும் வழக்கம் 1998 முதல் அங்கு விலக்கப்பட்டது.

இலங்கையோ 2014ஆம் ஆண்டில் விலையுமின்றி, உறவினர் ஈடாகக் கொடுக்கும் கட்டாயமுமின்றி, முற்றிலும் தாமே விரும்பிக் கொடுப்போரின் குருதியைக் கொண்டே தன் தேவையை நிறைவு செய்யும் நிலையை எய்தியது. பெறப்படும் குருதி எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்திற்கும் சோதிக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி தொடங்கப்பட்டது. அக்குழந்தைகள் இன்று பதினெட்டு வயது கடந்து தாமே குருதி கொடுக்கும் பருவத்தை அடைந்து வருகின்றனர்.

உலகெங்கும் நிலைமை ஒன்றன்று. உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட 2018ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, செல்வம் மிக்க நாடுகளில் கொடையாகப் பெறப்பட்ட குருதியில் ஈரலழற்சி பி காணப்பட்டது ஏறத்தாழ 0.01 வீதம், அதாவது பதினாயிரத்தில் ஒன்று. வறிய நாடுகளில் அது 2.81 வீதம், நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று. இத்தொகைகள் நாட்டு மக்கள் அனைவரின் நிலையையும் காட்டுவன அல்ல. வினவி, ஆராய்ந்து, தகுதியுடையோரெனக் கொள்ளப்பட்டவர்களிடமே இவை பெறப்பட்டன. மீண்டும் மீண்டும் கொடுப்போரிடம் தொற்று அரிது; முதன்முறை கொடுப்போரிடம் சற்று மிகுதி.

வன்னி மக்களுக்கு இங்கே ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டில், போரினால் இடம்பெயர்ந்தோர் வவுனியா முகாம்களில் நெருங்கி வாழ்ந்தபோது செங்கண்மாரி பெருகியது. அது ஈரலழற்சி ஏ. அசுத்த நீராலும் உணவாலும் பரவுவது. நாட்பட உடலில் தங்காதது. பி, சி ஆகியனவோ குருதியாற் பரவி ஆண்டுக்கணக்காக மறைந்திருக்க வல்லன. மக்கள் வழக்கில் மூன்றிற்கும் செங்கண்மாரி என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ஆகவே, முன்பு நோய் கண்டவர் தாமே அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். அதனை மறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் கூறினால் தக்கதை அவர் முடிவு செய்வார்.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வைரசு உடலிற் புகுந்த தொடக்க நாள்களில் எக்கருவியும் அதனைக் காட்டாத இடைவெளி ஒன்று உளது. நவீன முறைகள் அதனைக் குறுக்கியுள்ளனவேயன்றி முற்றாக நீக்கவில்லை. அவ்விடைவெளியிற் காவலாய் நிற்பது கொடையாளர் நிரப்பும் வினாத்தாளும், அதில் அவர் எழுதும் உண்மையும் ஆகும். இன்று கொடுத்தல் தகாது என அறிந்து, கூச்சமின்றி அதனைச் சொல்லித் திரும்பிச் செல்பவரும் முகமறியாத தாய் ஒருத்தியின் உயிரைக் காத்தவரே ஆவர்.